ஷெமேனஸ் ஊரின் சுவர்கள்

எங்கள் ஊர்களில் சுவர் என்பது நெடுங்காலமாகப் பத்திரிகையின் வேலையைச் செய்து வந்திருக்கிறது. யார் இறந்தார், எந்தக் கோயிலில் கொடியேற்றம், எந்தக் கட்சிக்கு என்ன சின்னம், எந்த வேட்பாளருக்கு எத்தனையாம் இலக்கம் என்பனவெல்லாம் முதலில் மதிலில்தான் வரும். மறுநாள்தான் எங்களிடம் வரும். பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடைக்காமல், அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட 1990களின் தொடக்கத்திற்கூட, சுவரொட்டிக்கு மட்டும் எப்படியோ தாளும் பசையும் கிடைத்தன. ஆகவே சுவரைக் கண்டால் நின்று வாசிப்பது எனக்குத் தொழில்வழி வந்த பழக்கம்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் வர்ணப் பேணியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பஸ் நிலையம், பாடசாலை மதில், பாலத்தின் அடிப்பகுதி என்று எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தெற்கில் பழைய அரசர்களும் படைவீரர்களும் சுவரேறினார்கள். யாழ்ப்பாணத்திலும் சில மதில்கள் நிறம் மாறின. பனை, மாட்டுவண்டி, கோபுரம், நாதஸ்வரம். அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஓர் ஊர் தன் படத்தைத் தானே வரைந்துகொள்ளும்போது யார் யாரை வரைகிறது? யாரை வரையாமல் விடுகிறது? அந்தச் சுவர்களிற் பல மூன்று மாரிக்குள் பொருக்கு விட்டுவிட்டன. கேள்வி மட்டும் என்னுடன் இருந்தது.

இதற்கு ஒரு பதில் போன்ற ஒன்றை நான் கண்டது கனடாவின் மேற்குக் கரையில், நம்மவரில் அநேகர் பெயரும் கேட்டிராத ஒரு சிற்றூரில். ரொறொன்ரோவை நம்மவர்கள் நன்கறிவார்கள்; மொன்றியலை அறிவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா என்றால் மலை, மழை, வீட்டு விலை என்பவற்றுக்கு அப்பால் பேச்சுப் போவதில்லை. 2023 ஆகஸ்டில் சறேயில் வசிக்கும் என் தமக்கையின் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தபோது, "மாமா, தமிழ்க் கடையும் கோயிலும் பார்த்தது காணும். ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று மருமகன் சொன்னான். கார் ஏற்றும் பெரிய கப்பலில் இரண்டு மணி நேரம் கடல் கடந்து வன்கூவர் தீவுக்குச் சென்றோம். பெயர்தான் தீவு, பரப்பளவில் எங்கள் இலங்கையின் ஏறத்தாழ அரைவாசி. அதன் கிழக்குக் கரையில், நனைமோவுக்கும் டங்கனுக்கும் இடையில் இருக்கிறது ஷெமேனஸ். மூவாயிரம், நாலாயிரம் பேர் வாழும் ஊர். சனத்தொகையில் எங்கள் ஊர்க் கிராம சேவையாளர் பிரிவுகள் இரண்டு, மூன்றைச் சேர்த்தால் வந்துவிடும்.

ஊரின் பெயர் ஆதிக்குடிகளுடையது. போரில் மார்பு பிளக்கக் காயம்பட்டும் உயிர் தப்பிப் பெருந்தலைவனாக உயர்ந்த ஒருவனின் பெயரிலிருந்து வந்ததாம். பிளந்த மார்பு என்று பொருள். அந்தக் கடற்கரையில் 1862இல் முதலாவது மரமரியும் ஆலை எழுந்தது, நீர்ச்சக்கரத்தால் இயங்கியது. அதன்பின் ஒன்றை இடித்து இன்னொன்று, அதனினும் பெரிதாக மற்றொன்று என்று ஆலைகள் மாறினவேயன்றி ஊரின் தொழில் மாறவில்லை. நூற்றிருபது ஆண்டுகளாக அந்த ஊர் மரத்தூள் வாசனையில் எழும்பி, ஆலைச் சங்கில் சாப்பிட்டு, ஆலைச் சங்கில் உறங்கியது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சங்குக்கு மணிக்கூடு திருத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1980களின் தொடக்கத்தில் மரத்தின் விலை விழுந்தது. 1983இல் மக்மிலன் புளோடெல் நிறுவனம் பழைய ஆலையை மூடிவிட்டது. சுமார் அறுநூறு பேருக்கு வேலை போயிற்று. அந்த அளவான ஊரில் அறுநூறு வேலை என்றால் என்னவென்று கணக்குப் பாருங்கள்: வீட்டுக்கு ஒருவர். இப்படியான ஊர்களுக்கு வட அமெரிக்காவில் ஒரு வழக்கமான முடிவு உண்டு. முதலில் கடைகள் மூடும், பிறகு பாடசாலை, கடைசியில் தபாற் கந்தோர்.

ஷெமேனஸ் அப்படி முடியவில்லை. அதற்குக் காரணமான யோசனை ஆலை மூடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, உலகின் மறுபக்கத்தில் முளைத்தது. காள் ஷூற்ஸ் என்பவர் ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறியவர். மரவேலைத் தொழில் நடத்தியவர். 1971இல் அவர் ருமேனியாவின் மொல்டாவியப் பகுதிக்குச் சுற்றுலாச் சென்றார். அங்குள்ள பழைய மடாலயங்களின் வெளிச்சுவர்கள் அடி முதல் கூரை வரை ஓவியம். வொரொனெற்ஸ் என்ற இடத்துக் கோயிலை ஸ்தேபான் என்ற அரசன் 1488இல் கட்டினான். 1547இல் அதன் வெளிச்சுவர்களுக்கு ஓவியம் தீட்டினார்கள். மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு. அந்தக் காட்சியின் பின்புலமான நீல நிறத்துக்கு அவ்வூரின் பெயரே வழங்குகிறது. எழுத்தறியாத குடியானவர்கள் வேதத்தைக் கண்ணால் வாசிக்கட்டும் என்பதற்காகத்தான் வெளியே வரைந்தார்கள் என்பார்கள். நானூறு ஆண்டுப் பனியும் வெயிலும் பட்டும் அழியாதிருந்த அந்தச் சுவர்களையும், அவற்றைப் பார்க்கத் தூர தேசங்களிலிருந்து சனங்கள் வருவதையும் ஷூற்ஸ் கண்டார். சாமி படம் பார்க்க வருகிறவர்கள் மரம் வெட்டிகளின் படம் பார்க்க வரமாட்டார்களா என்று யோசித்தார்.

ஊர் திரும்பி வர்த்தகர்களிடம் சொன்னபோது ஒருவரும் காதுகொடுக்கவில்லை. ஆலை முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்த காலம். சுவருக்குப் படம் எதற்கு? பத்தாண்டு கழித்து, மாகாண அரசு சிறு நகரங்களின் கடைவீதிகளைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கியது. கிரஹாம் புரூஸ் என்ற இளம் மேயர் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கினார். ஷூற்ஸை அழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார். 1982இல் ஐந்து ஓவியங்கள் எழுந்தன. ஆலை மூடிய அடுத்த ஆண்டிலும் வேலை நிற்கவில்லை. இன்று நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. "செய்து காட்டிய சின்ன ஊர்" என்று தனக்குப் பட்டமும் சூட்டிக்கொண்டது ஷெமேனஸ். சற்றே தற்பெருமைதான். ஆனாலும் செய்துதானே காட்டியிருக்கிறார்கள்.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் பாத அடையாளங்கள் வரைந்திருக்கிறார்கள். அவற்றின் மேல் கால் வைத்து நடந்தால் ஓவியம் ஓவியமாக ஊர் முழுவதும் சுற்றி வந்துவிடலாம். வழிகாட்டி தேவையில்லை. மருமகனின் ஆறு வயது மகள் ஒரு பாதத்தையும் தவறவிடாமல் குதித்துக்கொண்டே போக, நாங்கள் அவள் பின்னால் போனோம்.

முதலில் வரைந்த ஓவியங்களுள் ஒன்று, காட்டில் நீராவி இயந்திரமொன்று பெருமரத்தை இழுக்கும் காட்சி. பிராங் லூயிசும் நான்சி லகானாவும் வரைந்தது. அந்த இயந்திரத்தை மரவெட்டிகள் நீராவிக் கழுதை என்று அழைத்தார்கள். கொதிகலன், உருளை, அதில் சுற்றிய இரும்பு வடம், அவ்வளவுதான். எருதும் குதிரையும் செய்த வேலையை அது செய்தது. வேறொரு சுவரில், 1869இல் குதிரைலாடக் குடா என்று அக்காலத்தில் பெயர் வழங்கிய இந்த ஊர்த் துறைக்கு ரெயின்டியர் என்ற பிரித்தானியக் கப்பல் வந்த காட்சி. கப்பலைக் கரையிலிருந்து ஓர் ஆதிக்குடிப் பெண் பார்க்கிறாள். அந்த ஓவியத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். கப்பலின் கொடியும் பாய்மரமும் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் கண் போவது அந்தப் பெண்ணிடம். கப்பல் வந்த கதையைக் கப்பலிலிருந்து சொல்லாமல் கரையிலிருந்து சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். 1983இல் போல் இகார்த்துவா வரைந்த ஆதிக்குடி முகங்கள் இன்னொரு சுவரை நிறைத்திருக்கின்றன. பெரிய பெரிய முகங்கள். கீழே நிற்பவரை அவை பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

எல்லாம் உயர்ந்த கலை என்று நான் சொல்லமாட்டேன். சில படங்கள் பழைய புகைப்படத்தைப் பெருப்பித்து வர்ணம் அடித்தவைபோல உயிரில்லாமல் இருக்கின்றன. பல உண்மையிலேயே பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவைதான். இன்னும் சிலவற்றில் தொழிலாளர் எல்லோரும் தோய்த்து உலர்த்திய சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மரமரியும் ஆலையில் விரல் போனவர்களின் கணக்கு எந்தச் சுவரிலும் இல்லை. சுற்றுலாப் பயணி ஐஸ்கிறீமுடன் பார்க்கும் படத்தில் இரத்தம் இருக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம் போலும்.

பூங்காவில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பத்திரிகைக்காரனுக்கு வாய் சும்மா இராது. ஆலை மூடியபோது அவருக்கு இருபத்தேழு வயதாம். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் இருந்தனவாம். "சுவரில் படம் வரைந்தால் என் கடனை யார் கட்டுவது என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவன் நான்" என்றார். அவர் அல்பேர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குப் போய் உழைத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் ஊருக்குத் திரும்பினார். இப்போது அவருடைய மனைவி இங்கே கம்பளித் துணிக் கடை வைத்திருக்கிறார். ஓவியமொன்றில் நிற்கும் மரவெட்டிகளில் ஒருவர் அவருடைய பாட்டனார் என்று ஊரவர் சொல்கிறார்களாம். "எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அப்படியே சொல்லிவைக்கிறேன்" என்று கண் சிமிட்டினார்.

அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. 1985இல் புதிய ஆலையொன்று திறந்தது. நவீன இயந்திரங்கள், பழைய ஆட்களில் ஒரு சிறு பங்கினருக்கே அங்கே இடம். மற்றவர்களுக்குச் சுற்றுலா கொடுத்த வேலை கடையில் நிற்பது, கோப்பை கழுவுவது, கட்டில் விரிப்பது. தொழிற்சங்கம் போராடிப் பெற்ற சம்பளத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். கோடையில் கூட்டம், மாரியில் வெறுவீதி. ட்ரெவர் பாண்ஸ், ரொஜர் ஹெயிற்றர் என்னும் இரு புவியியலாளர்கள் 1992இலேயே இந்த ஊரை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பெரிய கம்பனி ஒன்றை நம்பியிருந்த ஊர், சின்னஞ்சிறு முயற்சிகள் பலவற்றை நம்பும் ஊராக மாறிய கதை அது. 1993இல் ஒரு நாடக அரங்கும் வந்து சேர்ந்தது. பிழைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஆலையை நம்பி வாழ்ந்தவரும் சுவரை நம்பி வாழ்ந்தவரும் எல்லா வீட்டிலும் ஒரே ஆளல்ல. ஓவியத்தால் ஊர் காப்பாற்றப்பட்டது என்று சுருக்கமாகச் செய்தி எழுதும் என் இனத்தவர்கள், பதினைந்து ஆண்டுகள் அல்பேர்ட்டாவில் குளிர்காய்ந்தவரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

சீனக் கடையொன்றின் ஓவியமும் இருக்கிறது. ஹொங் ஹிங் என்று ஊரார் அழைத்தவருடைய கடற்கரைக் கடை. சலவைத் தொழிலில் தொடங்கிப் பலசரக்காக வளர்ந்து, பின்னறையில் சூதாட்டமும் நடந்த இடமாம். அதையும் மறைக்காமல் சொல்லுகிறார்கள். கனடாவுக்குள் நுழையும் சீனர் ஒவ்வொருவரிடமும் 1885 முதல் தலைவரி அறவிட்டார்கள். 50 டொலரில் தொடங்கி 1903இல் 500 டொலருக்கு ஏற்றினார்கள். 1923இல் சீனர் வருகையையே சட்டத்தால் அடைத்தார்கள். 1947 வரை அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. அவ்வளவையும் அந்தக் கடைப் படம் சொல்லாது. ஆனால் பார்க்கிறவன் வீட்டுக்குப் போய்த் தேடி வாசிப்பதற்கு ஒரு நூல்நுனியைக் கையில் கொடுத்துவிடுகிறது. சுவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நான் சொல்ல வந்தது இனித்தான் வருகிறது.

போருக்கு முன் ஷெமேனஸில் ஜப்பானியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. ஆலையில் வேலை செய்தார்கள், மீன் பிடித்தார்கள், பிள்ளைகளை ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். ஷிகே யொஷிடா என்ற இளைஞர் சாரணர் இயக்கத்தில் சேர விரும்பினார். வெள்ளையரின் குழு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனிச் சாரணர் என்று ஒரு முறை அப்போது இருந்தது. தபால் மூலம் படித்துத் தேர்வெழுதலாம். அவர் தனியாகப் படித்துத் தேறினார். பிறகு ஊரின் ஜப்பானியச் சிறுவர்களைச் சேர்த்துத் தாமே ஒரு சாரணர் குழுவை அமைத்தார். முழுக்க ஜப்பானியர் கொண்ட இத்தகைய குழு பிரித்தானியப் பேரரசிலேயே இதுதான் முதலாவது என்பார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942இல் கனடா அரசு பிரிட்டிஷ் கொலம்பியக் கரையிலிருந்து நூறு மைல் தூரத்துக்குள் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் வெளியேற்றியது. ஏறக்குறைய 22,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது பிரஜாவுரிமை பெற்றவர்கள். ஷெமேனஸ் ஜப்பானியரையும் கப்பலில் ஏற்றினார்கள். கரையோரத்து ஜப்பானியர் பலரை வன்கூவரில் ஹேஸ்டிங்ஸ் பார்க் கண்காட்சி மைதானத்தின் மாட்டுக் கொட்டில்களில் தங்கவைத்து, பின்னர் உள்நாட்டு மலைப் பிரதேச முகாம்களுக்கு அனுப்பினார்கள். வீடு, வள்ளம், கடை, காணி என்று அவர்கள் விட்டுச் சென்றவற்றை அரசின் பொறுப்பாளர் அவர்களைக் கேளாமலே விற்றார். போர் 1945இல் முடிந்தும், 1949 ஏப்ரல் வரை கரைக்குத் திரும்ப அனுமதியில்லை. திரும்புவதற்கு அப்போது எதுவும் எஞ்சியிருக்கவில்லை. 1988 செப்டெம்பர் 22ஆம் திகதி பிரதமர் பிரயன் மல்றோனி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உயிருடன் இருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டொலர் நட்டஈடு.

அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1991இல், ஷெமேனஸின் சுவர்களில் அந்த ஜப்பானியர் தோன்றினார்கள். ஸ்டான்லி தனிவா வரைந்த "தனிச் சாரணன்" யொஷிடாவின் கதை. ஜொய்ஸ் கமிகுரா வரைந்த மற்றோர் ஓவியத்தில், போருக்கு முந்திய ஊர் ஊர்வலமொன்றில் ஜப்பானியர் சோடித்துப் பரிசு பெற்ற வாகனம். வரைந்த இருவரும் ஜப்பானிய வம்சாவளிக் கனேடியர். துன்பக் காட்சி எதுவும் இல்லை. முகாமும் இல்லை, முள்வேலியும் இல்லை. சீருடையில் ஓர் இளைஞன், கொடிகள், அலங்காரம், வெயில்.

எனக்கு முதலில் இது குறையாகப் பட்டது. அழிவை வரையாமல் அலங்காரத்தை வரைவதா? மருமகன்தான் வேறுவிதமாகச் சொன்னான். "மாமா, இவையள் இந்த ஊர் ஆக்கள் எண்டுதானே படம் சொல்லுது. அகதி எண்டு சொல்லேல்லையே." அவன் இரண்டு வயதில் கனடா வந்தவன். அகதி என்ற சொல்லைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன். அவனுக்கு அந்தப் படத்தின் பெறுமதி என்னைவிட விரைவில் பிடிபட்டது. வெளியேற்றப்பட்டவர்களை வெளியேற்றத்தால் மட்டும் நினைவுகூர்வது அவர்களை இன்னொரு தடவை ஊருக்கு வெளியே நிறுத்துவதாகும். ஊர்வலத்தில் முதற்பரிசு வாங்கியவர்கள் என்று நினைவுகூர்ந்தால், ஊர்வலம் அவர்களுடையதும் ஆகிவிடுகிறது.

அன்று பின்னேரம் மலஹற் மலைப்பாதையால் இறங்கி, தீவின் தென்முனைக்குப் போனோம். விக்ரோறியாவுக்குப் பக்கத்தில் எஸ்குவைமோல்ற் கடற்படைத் தளம். அங்கே போகவேண்டும் என்று கேட்டவன் நான். 2010 ஆகஸ்ட் 13ஆம் திகதி "சண் சீ" என்ற பழைய சரக்குக் கப்பல் 492 தமிழர்களுடன் அங்கே கொண்டுவரப்பட்டது. அவர்களில் 63 பெண்கள், 49 சிறுவர்கள். ஒருவர் வழியிலேயே இறந்துபோனார். முந்திய ஆண்டு ஒக்டோபரில் "ஓஷன் லேடி" 76 பேருடன் இதே தீவின் கரைக்கு வந்தது. செய்தி அறையில் இருந்து அந்தக் கப்பல்களைப் பற்றி எத்தனையோ தலைப்புகள் போட்டிருக்கிறேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது சாம்பல் நிறப் போர்க்கப்பல்களும் அமைதியான தண்ணீரும் மட்டும்தான் தெரிந்தன. 1869இல் ரெயின்டியர் வந்ததை ஒரு பெண் கரையிலிருந்து பார்த்தாள். இந்தக் கப்பல் வந்ததைக் கனடா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அநேகர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தார்கள். 1914இல் வன்கூவர் துறையில் 376 பேருடன் நின்று, பெரும்பாலோர் இறங்க அனுமதியின்றித் திருப்பி அனுப்பப்பட்ட கோமகாட்டா மாருவையும் இப்படித்தான் பார்த்தார்கள். "எங்கட கப்பலும் ஒருநாள் சுவரில வருமோ மாமா?" என்று மருமகன் கேட்டான். கோமகாட்டா மாருவுக்குப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 102 ஆண்டுகள் எடுத்தன என்று சொன்னேன். அவன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தான்.

ஷெமேனஸைப் பார்த்துத் தங்கள் சுவர்களுக்கு வர்ணம் தீட்டிய ஊர்கள் உலகில் பல. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் ஷெபீல்ட் என்ற ஊர் 1986இல் தொடங்கியது. அங்கும் கதை ஏறக்குறைய இதுவே: நீர்மின் திட்ட வேலைகள் முடிந்து ஆட்கள் போய்விட, ஊர் வெறிச்சோடியது; பிறகு சுவரைப் பிடித்தார்கள். ஒரு யோசனை இப்படி ஊர் விட்டு ஊர் போவதில் சிறு சலிப்பும் உண்டு. எல்லா ஊர்ச் சுவரிலும் ஒரே குதிரை வண்டி, ஒரே புகைவண்டி, ஒரே மீசைக்காரர். பராமரிப்பு இன்னொரு தலையிடி. வெயில் சிவப்பைத்தான் முதலில் தின்னும். மழை அடிச்சுவரைத் தின்னும். கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளருக்கு யன்னல் வேண்டியிருக்கும். ஷெமேனஸிலும் மீள வரைந்தவை, திருத்தியவை உண்டு. ஓவியம் வரைவது ஒரு கோடை வேலை. அதைக் காப்பது ஒரு தலைமுறை வேலை. எங்கள் 2019 இளைஞர்களுக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் புத்தளத்தில் இருக்கும் நானா ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தவர். நான் பல்கலைக்கழகம் போகும்போது அணிந்த நீளக் காற்சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. காசை மாதக் கடைசியில் கொடுக்கலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை, யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரையும் ஜின்னா மைதானத்துக்கு வருமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேல். நானாவின் தையல் இயந்திரங்கள் இரண்டும் கடையிலேயே நின்றுவிட்டன. 2009க்குப் பிறகு வந்து பார்த்தார். கூரையில்லாத சுவர் மட்டும் நின்றது. புத்தளத்துக்கே திரும்பிப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த புதிய ஓவியங்களில் பனையும் வண்டியும் உண்டு. தையற்கடை எதையும் நான் காணவில்லை.

ஷெமேனஸ் ஜப்பானியரைப் பற்றி அவருக்கு விரிவாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, அவையளுக்குக் காணி திரும்பக் கிடைச்சதோ?" என்றார்.

இல்லை என்றேன். வித்துப்போட்டார்கள். நாற்பத்தாறு வருசம் கழித்துக் காசு கொடுத்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்.

"எவ்வளவு?"

சொன்னேன். எங்கள் காசில் எவ்வளவு என்று கேட்டார்; அதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி கேட்டது.

"அப்ப, படம் கீறினவங்கள் கேட்டுத்தான் கீறினவங்களோ? அந்தச் சனத்திட்ட?"

அந்தச் சனத்தின் வழிவந்தவர்களே வரைந்தார்கள் என்றேன்.

"அது சரி. வேற ஆள் கீறினா பிழைச்சுப்போகும்" என்றார். பிறகு நான் கேளாமலே சொல்லத் தொடங்கினார். கடையின் பெயர்ப் பலகை மஞ்சள் அல்ல. பலர் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பக்கத்துக் கடையினுடையது. இவருடையது வெள்ளைப் பலகை, பச்சை எழுத்து. எழுதியவர் சினிமாத் தட்டி எழுதும் ஆள், மருதடியில் இருந்தவர். இடப்பக்க மூலையில் ஒரு கத்தரிக்கோல், வாய் திறந்தபடி. கீழே வாங்கு ஒன்று. அதில் எந்நேரமும் யாராவது பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

மேசையில் கிடந்த கடித உறையின் பின்பக்கத்தில் அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதிக்கொண்டேன். வாங்கு எந்த மரம் என்று கேட்டேன். வேம்பு என்றார்.